காய்ந்த மாலையோடு ஒரு பயணம்: குத்தாலம் முதல் திருமணஞ்சேரி வரை

தஞ்சாவூரிலிருந்து வந்த காலை பாசஞ்சர் ரயில் குத்தாலத்தில் நின்றபோது இறங்கியவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர்களில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு மஞ்சப்பை. வழியெல்லாம் அதை அவர் கீழே வைக்கவே இல்லை. மடியிலேயே வைத்திருந்தார். மகள் இரண்டு முறை கையை நீட்டியும் கொடுக்கவில்லை.

பைக்குள் பேப்பரில் சுற்றி வைத்திருந்தது ஒரு காய்ந்த பூமாலை.

திருமணஞ்சேரிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை, தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு அங்கே அர்ச்சனை செய்வார்கள். சுவாமிக்குச் சாத்திய மாலையைப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் தம்பதியாக வந்து, அந்தப் பழைய மாலையைக் கோயிலிலேயே சேர்த்துவிட்டு, நன்றி சொல்லிப் போக வேண்டும். இதுதான் வழக்கம்.

இந்த வீட்டிலும் அப்படித்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு மாலை வாங்கினார்கள். ஆறே மாதத்தில் வரன் வந்தது. நிச்சயம் நடந்தது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பத்திரிகையும் அடித்தாயிற்று. கல்யாணத்துக்கு 23 நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து ஒரு போன் வந்தது. "இது சரிப்பட்டு வரும்னு தோணலைங்க."

மாலை மட்டும் சாமி மாடத்தில் அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப் போடவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. தம்பதியாக வந்துதான் திருப்பித் தர வேண்டும் என்றால், தம்பதியே ஆகாதவர்கள் என்ன செய்வது? தெரிந்தவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில், கோயிலிலேயே போய்க் கேட்டுவிடுவோம் என்று ஆவணி மாதத்தில் ஒருநாள் அம்மா கிளம்பிவிட்டார். மகளுக்கு 29 வயது. திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். அம்மா தனியாக அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய் யார் முன்னாலோ நிற்பதை நினைத்துப் பார்த்துவிட்டு லீவு போட்டாள்.

முதலில் பேச்சு, பிறகு கல்யாணம்

குத்தாலம் என்றதும் அருவிதான் பலருக்கு ஞாபகம் வரும். அது தென்காசிப் பக்கம் இருக்கும் குற்றாலம். இது மயிலாடுதுறை மாவட்டத்தில், மயிலாடுதுறை - கும்பகோணம் சாலையில், மயிலாடுதுறையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் குத்தாலம். காவிரியின் தென்கரை ஊர். ஆற்றைத் தாண்டி வடகரையில் சுமார் 6 கிலோமீட்டர் போனால் திருமணஞ்சேரி. பரிகாரத்துக்கு வருகிற பெரும்பாலானவர்கள் குத்தாலத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து நேரே அங்கே போய்விடுவார்கள்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "திருமணஞ்சேரி மட்டுமாம்மா? இல்ல, எல்லாக் கோயிலுமா?" என்று கேட்டார். எல்லாக் கோயிலும் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

"திருமணஞ்சேரியில நடந்தது கல்யாணம் மட்டும்தான். அதுக்குப் பேச்சு நடந்தது இந்தக் குத்தாலத்துல. யாகம் நடந்தது வேள்விக்குடியில. மாப்பிள்ளை அழைப்பு எதிர்கொள்பாடியில. பாலிகை போட்டது குறுமுலைப்பாலையில. பேச்சு நடந்த இடத்தைப் பார்க்காம எல்லாரும் நேரா தாலி கட்டுற இடத்துக்கே போறாங்க."

மகள் அதைக் கேட்டு லேசாகச் சிரித்தாள். "பேச்சு நடந்த இடத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம்ணே" என்றாள்.

தல புராணம் சொல்கிற கதை இது. அம்பிகை பூமியில் பரத முனிவரின் மகளாகப் பிறக்கிறாள். வளர்ந்ததும் காவிரிக்கரையில் மணலால் லிங்கம் பிடித்து வழிபடுகிறாள். ஒருநாள் சிவபெருமான் நேரில் வந்து அவளுடைய கையைப் பிடிக்கிறார். அவளோ உடனே கிளம்பிவிடவில்லை. என்னைப் பெற்றவர்களிடம் வந்து முறைப்படி கேளுங்கள், ஊரறிய மணம் செய்துகொள்ளுங்கள் என்கிறாள். அவரும் அப்படியே செய்வதாக வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்குக்கு அடையாளமாகத் தன் பாதுகைகளையும், தனக்கு நிழலாக வந்த உத்தால மரத்தையும் அங்கேயே விட்டுச் செல்கிறார். அந்த மரத்தின் பெயரால்தான் ஊர் உத்தாலவனமாகி, பிறகு குத்தாலம் ஆனது என்கிறார்கள். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் திருத்துருத்தி.

இங்குள்ள சுவாமிக்கு உக்தவேதீஸ்வரர் என்று பெயர். தமிழில் இன்னும் அழகு: சொன்னவாறு அறிவார். சொன்ன சொல்படி நடந்துகொள்பவர் என்று அர்த்தம்.

அந்தப் பெயரைப் பலகையில் படித்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

போனுக்குப் பிறகு

அந்த போன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்ததெல்லாம் பல வீடுகளிலும் நடந்ததுதான். காரணம் என்ன என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. "பையனுக்கு இப்போ மனசு இல்லைங்க" என்றார்கள். ஜாதகத்தில் ஏதோ சொல்கிறார்கள் என்றார்கள். நிச்சயத்தன்று தட்டு மாற்றிய அதே பெரியவர்களில் நாலு பேர் ஒரு உறவினர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மோதிரத்தையும் புடவையையும் திருப்பி மாற்றிக்கொண்டார்கள். அன்றும் காபி கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தார்கள். மண்டப அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

அப்பா அதற்குப் பிறகு காலையில் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். 30 வருடப் பழக்கம். "வீட்டு டீயே நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மா உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போகவில்லை. மகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. டிவியில் கல்யாண நகை விளம்பரம் வந்தால் யாராவது ரிமோட்டைத் தேடினார்கள்.

அவளுக்கு அவன்மேல் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தைவிட வேறொன்று அவளைத் தொந்தரவு செய்தது. நிச்சயத்துக்குப் பிறகு நான்கு மாதம் இருவரும் தினமும் பேசியிருக்கிறார்கள். ஒருநாள் இரவு தூக்கம் வராமல், அந்த மெசேஜ்களை அழிப்பதற்கு முன்னால் முதலிலிருந்து படித்தாள். அவன் என்ன பொய் சொன்னான் என்று தேடித்தான் படிக்க ஆரம்பித்தாள். பொய் எதுவும் பெரிதாக அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் அவளுடைய பதில்கள்தான்.

"உங்களுக்குப் பிடிச்சா சரி."

"நீங்க சொல்றபடியே பண்ணிக்கலாம்."

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

புடவை நிறத்திலிருந்து, பெங்களூரில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பதுவரை இதே பதில்கள். வேலையை விட வேண்டியிருக்குமா என்று அவள் கேட்கவே இல்லை. அவனும் சொல்லவில்லை. லேபில் சீனியர் பொறுப்பு அவளுக்கு வருவதாக இருந்தது. நிச்சயமான கையோடு அவளாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் கேட்டதால் அல்ல. கேட்பான் என்று நினைத்து.

அந்த நான்கு மாதமும் தான் காதலித்ததாகவே அவள் நம்பியிருந்தாள். போன் ஒலிப்பதற்காகக் காத்திருந்தது நிஜம். அவன் குரல் கேட்டால் சந்தோஷப்பட்டது நிஜம். ஆனால் அவனுக்குத் தன்னைத் தெரியுமா என்று யோசித்தால், தெரிவதற்குத் தான் எதையுமே சொல்லவில்லை என்பது புரிந்தது. அவனைத் தனக்குத் தெரியுமா? அதற்கும் பதில் இல்லை. கல்யாணப் பெண்ணாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதையும் அவனையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

குத்தாலம் கோயிலில் அந்த மரத்தடிப் பாதுகைகளைப் பார்த்தபடி இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். "சாமியே வந்து கையைப் பிடிச்சும் அந்தப் பொண்ணு நிபந்தனை போட்டிருக்கே" என்றாள் மகள். அம்மா அதற்கு எதுவும் சொல்லவில்லை.

சொல் தவறியவர் குளித்த குளம்

இந்தக் கோயில் குளத்துக்கும் ஒரு கதை உண்டு. அதில் வருகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்தவர் அவர். பிறகு திருவாரூர் நினைவு வந்து, அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. இடையில் உடம்பில் வந்த நோய் இந்தத் திருத்துருத்திக் குளத்தில் குளித்துத் தீர்ந்ததாம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர் என்று சுவாமிக்குப் பெயர் இருக்கும் ஊரில், சொன்ன சொல்லை மீறிய ஒருவருக்கு நோய் தீர்ந்திருக்கிறது. அம்மாவுக்குப் பெரிய புராணக் கதைகள் எல்லாம் தெரியும். மார்கழி மாதங்களில் கோயிலில் உட்கார்ந்து கேட்டது. ஆட்டோவில் ஏறியதும் அந்தக் கதையை அவரே சொல்லத் தொடங்கினார். அன்று காலையிலிருந்து அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அப்போதுதான்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. அக்கரையில் குறுவைக் கதிர்கள் தலை சாய்ந்திருந்தன. சில வயல்களில் சம்பாவுக்கு நாற்றங்கால் பச்சையாக நின்றது.

வேள்விக்குடியில் ஒரு நின்றுபோன கல்யாணம்

திருவேள்விக்குடி சின்ன ஊர். கோயிலும் அமைதியானது. சிவபெருமானின் திருமணத்துக்கான வேள்வி இங்கே நடந்ததாகச் சொல்வார்கள். சுவாமியின் பெயரும் கல்யாணசுந்தரேஸ்வரர்தான். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சுந்தரர் குத்தாலத்தையும் இந்த ஊரையும் சேர்த்து ஒரே பதிகமாகப் பாடியிருக்கிறார்.

இந்தக் கோயிலின் இன்னொரு கதையைக் கேட்டு அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அரசகுமாரனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணைப் பெற்றவர்கள் இறந்துவிடுகிறார்கள். பெண்ணின் சுற்றத்தார், இனி பெண் கொடுக்க முடியாது என்று மறுத்துவிடுகிறார்கள். அரசகுமாரன் இறைவனிடம் வேண்டுகிறான். இறைவன் ஒரு பூதத்தை அனுப்பி அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவரச் செய்து, வேள்வி நடத்தி, மணம் முடித்து வைக்கிறார்.

நிச்சயம் முறிந்துபோவது புதிய விஷயமே இல்லை. இந்தப் பக்கத்துக் கோயில்களிலேயே அது கதையாக இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ஓர் ஆறுதல் கிடைத்த மாதிரி தெரிந்தது. "பார்த்தியா, அந்தக் காலத்துலயே நடந்திருக்கு" என்றார். இத்தனை மாதமும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

மகளுக்கு வேறொரு கேள்வி. "பூதம் தூக்கிட்டு வந்துச்சு, சரி. அந்தப் பொண்ணுக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருந்துச்சாம்மா?"

அம்மா யோசித்துவிட்டு, "அதெல்லாம் கதையில இல்ல" என்றார்.

எதிர்கொள்பாடியில் கேட்ட கேள்வி

மேலத்திருமணஞ்சேரி என்று இப்போது அழைக்கப்படும் எதிர்கொள்பாடி, மணமகனாக வந்த சிவபெருமானைப் பரத முனிவர் எதிர்கொண்டு வரவேற்ற இடம். மாப்பிள்ளை அழைப்பு நடந்த ஊர். சுவாமி ஐராவதேஸ்வரர். ஐராவதம் என்கிற யானை வழிபட்ட தலம். இதுவும் சுந்தரர் பாடியது.

கோயிலில் அப்போது வேறு யாரும் இல்லை. பிராகாரத்தில் நிழலாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். சுந்தரரின் பெயர் மறுபடி வந்ததும் அம்மா அவருடைய முதல் கல்யாணக் கதையை எடுத்தார். புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகளுக்கும் சுந்தரருக்கும் கல்யாணம். பந்தல் போட்டு, எல்லோரும் கூடி, முகூர்த்த நேரமும் வந்துவிட்டது. அப்போது ஒரு கிழவர் வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்று வழக்குப் பேசுகிறார். கல்யாணம் நின்றுவிடுகிறது. வந்த கிழவர் சிவபெருமான்தான் என்று பிறகு தெரிகிறது. சுந்தரரின் பக்தி வாழ்க்கை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. தடுத்தாட்கொண்டது என்று அதைச் சொல்வார்கள். கல்யாணம் நின்றது சுந்தரருக்குக் கிடைத்த அருள்.

"அந்தப் பொண்ணு என்னம்மா ஆச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"புத்தூர்ப் பொண்ணு. மணையில உட்காரக் காத்துக்கிட்டிருந்துச்சே."

அம்மாவுக்கு அந்தப் பகுதியும் தெரிந்திருந்தது. சேக்கிழார் அதையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சுந்தரரையே மனதில் நினைத்திருந்து, சிவலோகம் போய்ச் சேர்ந்தாள். அவ்வளவுதான். அதன்பிறகு கதை சுந்தரரோடு போய்விடுகிறது. அவருக்குப் பரவையார் கிடைக்கிறார், பிறகு சங்கிலியார் கிடைக்கிறார்.

"அவருக்கு அதுக்கப்புறம் எவ்வளவு கதை இருக்கு. இவளுக்கு அவரை நினைச்சுக்கிட்டே இருந்தது மட்டும்தானா?" என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதை அம்மாவிடம் கேட்டாளா, தன்னிடமே கேட்டுக்கொண்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

அம்மா மடியிலிருந்த மஞ்சப்பையைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்தான் அந்தப் பொண்ணு" என்றார்.

பிறகு, "நிச்சயத்துக்கு முன்னாடி அப்பாதான் சொன்னாரு. பாப்பாகிட்ட ஒரு வார்த்தை தனியா கேட்டுடுன்னு. நான்தான் அவளுக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டேன்" என்றார்.

இது மகளுக்குப் புதிய செய்தி. அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து அம்மாவுக்குக் கை கொடுத்தாள். இந்த முறை மஞ்சப்பையை வாங்கிக்கொண்டாள். அம்மாவும் கொடுத்தார்.

மாலைகள் குவியும் ஊர்

திருமணஞ்சேரி வேறு மாதிரி இருந்தது. முகூர்த்த மாதம். காலையிலேயே கார்களும் வேன்களும் வரிசை கட்டி நின்றன. வழி முழுக்க மாலைக் கடை, தேங்காய்க் கடை. "ஜோடி மாலை வாங்கிக்கங்கம்மா" என்று கூப்பிடுகிறார்கள். உள்ளே உத்வாகநாதர் சன்னதி. அருள்வள்ளல் நாதர் என்றும் பெயர். அம்மன் கோகிலாம்பாள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். குழந்தை வரம் வேண்டி ராகு பகவானை வழிபட வருகிறவர்களும் உண்டு.

பரிகாரம் செய்ய வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபதுகளில் இருக்கிற பெண்கள். நாற்பதை நெருங்கும் ஆண்கள். மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவனுக்குப் பதிலாக ஜாதகத்தோடு வந்திருந்த பெற்றோர். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எல்லோருடைய மடியிலும் மாலை. இன்னொரு பக்கம் புதுத் தாலியோடு, மஞ்சள் வாசனையோடு நன்றி சொல்ல வந்த ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கேயும் ஒரு வாக்குக் கதை இருக்கிறது. இரண்டு தோழிகள், தங்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள். ஒருத்திக்குப் பெண் பிறக்கிறது. இன்னொருத்திக்கு ஆமை பிறக்கிறது. பெண்ணைப் பெற்றவள் வாக்கிலிருந்து பின்வாங்குகிறாள். ஆமையாகப் பிறந்தவன் திருமணஞ்சேரி இறைவனை வழிபட்டு மனித உருவம் பெறுகிறான். கல்யாணம் நடக்கிறது.

கல்யாணம் கூடி வருகிற ஊர் என்று பெயரெடுத்த இந்தப் பகுதியில் கேட்கிற கதைகள் எல்லாமே இப்படித்தான் இருக்கின்றன. ஏதோ ஒரு வாக்கு. அது காப்பாற்றப்படுமா, உடையுமா என்ற பதைப்பு. எல்லாக் கதையிலும் கடைசியில் மாலை விழுகிறது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொன்ன பெண், குத்தாலத்து மரத்தடியில் நின்ற அந்த ஒருத்திதான்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அம்மா ஒரு குருக்களிடம் போனார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மாலை வாங்கியது, நிச்சயம் ஆனது, நின்றுபோனது. "தம்பதியா வந்துதான் குடுக்கணும்னு சொல்வாங்க. இப்ப இதை என்ன பண்றதுன்னு தெரியல சாமி."

குருக்கள் அதிர்ச்சி அடையவில்லை. இந்தக் கேள்வியை அவர் முதல் முறை கேட்பதாகவும் தெரியவில்லை. "சுவாமி மாலைதானேம்மா? சுவாமிகிட்டயே வெச்சுட்டுப் போங்கோ. இதுல தோஷம் ஒண்ணும் கிடையாது" என்றார். பழைய மாலைகள் சேர்ந்திருந்த இடத்தைக் காட்டினார்.

அங்கே ஏற்கெனவே குவியலாக மாலைகள் கிடந்தன. காய்ந்து, சருகாகி, நிறம் போய், நார் தெரிய. எது நடந்த கல்யாணத்தின் மாலை, எது நடக்காததன் மாலை என்று பார்த்தால் தெரியாது. மகள் மஞ்சப்பையிலிருந்து மாலையை எடுத்தாள். சருகு கொஞ்சம் கையில் ஒட்டிக்கொண்டது. மெதுவாக அந்தக் குவியலின் மேல் வைத்தாள்.

"புது மாலை வாங்கிக்கறேளா?" என்று குருக்கள் கேட்டார்.

வழக்கமாக அம்மா உடனே தலையாட்டியிருப்பார். காசைக்கூட எடுத்திருப்பார். இன்று மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கவா பாப்பா? வேண்டாமா?"

வேண்டாம் என்று மகள் எடுத்தவுடன் சொல்லவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. போன் வந்த பிறகான முதல் மாதங்களில் அப்படி நினைத்தது உண்டு. இப்போது அப்படி இல்லை. ஒருவரோடு சேர்ந்து வாழ அவளுக்கு ஆசை இருக்கிறது. அந்த ஒருவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை என்று ஒரு பட்டியலும் மனதில் இருக்கிறது. வேலையை விட மாட்டேன். அப்பா, அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வேன், நீங்களும் சொல்லிவிடுங்கள். கேட்டால் சாதாரண விஷயங்கள்தான். நான்கு மாதத்தில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்மா. எனக்கா வாங்கணும்னு தோணுறப்ப நானே வந்து வாங்கிக்கிறேன். இப்போ பேருக்கு ஒரு அர்ச்சனை மட்டும் பண்ணிடலாம்."

"யார் பேருக்கு?" என்று குருக்கள் கேட்டார்.

அவள் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள். அம்மாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

கல்லில் கட்டியவர்

வெளியே வரும்போது வெயில் ஏறிவிட்டது. கோயிலின் கல் சுவரில் சாய்ந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். இந்தக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் என்று சொல்லப்படுகிறவர் சோழ அரசி செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி. மகன் சிறு பிள்ளையாக இருந்தபோதே கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு 40 வருடத்துக்கும் மேல் வாழ்ந்து, ராஜராஜ சோழனின் காலம்வரை இருந்தவர். அந்த வருடங்களில்தான் காவிரிக்கரையில் கோயில் கோயிலாகச் செங்கல்லைக் கல்லாக மாற்றினார். குத்தாலம் கோயிலும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதே. இதே குத்தாலம் வட்டத்தில் இருக்கும் கோனேரிராஜபுரம் கோயிலை அவர் தன் கணவரின் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவது போன்ற சிற்பத்தை அங்கே இன்றும் பார்க்கலாம்.

ஊரெல்லாம் கல்யாணம் கைகூட வேண்டி வந்து நிற்கிற கோயில், தன் ஆயுளில் பெரும்பகுதியைத் துணையின்றி வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறது. அவர் கணவரை மறந்துவிடவில்லை. அவரை நினைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடவும் இல்லை.

மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் குறுமுலைப்பாலைக்குப் போக நேரமில்லை. "அடுத்த தடவை வாங்கம்மா, முளைப்பாலிகை போட்ட இடம், அதையும் பார்த்துடலாம்" என்றார் ஆட்டோக்காரர். ஐந்து ஊரையும் நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் காலை 7 மணிக்கெல்லாம் குத்தாலத்தில் இருந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். முகூர்த்த நாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிர்த்தால் திருமணஞ்சேரியில் கூட்டம் குறைவாக இருக்கும். மற்றக் கோயில்களில் எப்போதும் கூட்டம் இருப்பதில்லை.

குத்தாலம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டார்கள். அம்மா இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் மகள் போனை எடுத்து லேப் மேனேஜருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். சீனியர் பொறுப்பைப் பற்றித் திங்கட்கிழமை நேரில் பேச வேண்டும் என்று. பதில் வருமா, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று தெரியாது. கேட்டாயிற்று.

அம்மா வீட்டுக்கு போன் போட்டார். மாலையைக் கொடுத்தாயிற்று, தோஷம் ஒன்றும் இல்லையாம் என்றார். அந்தப் பக்கம் அப்பா என்ன கேட்டாரோ, "இல்ல, புதுசு வாங்கல. பாப்பா வேண்டாம்னுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ராத்திரி ஆயிடும் நாங்க வர. நீங்க அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே இருக்காம கடைப் பக்கம் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

தஞ்சாவூர் ரயிலில் கூட்டம் இல்லை. காலி மஞ்சப்பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஆடுதுறை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.